எல்லையின் இருபுறமும் படிக்கத்தக்க துண்டறிக்கை

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் பேசும் கட்சி ஊழியர்களுக்கான பிரச்சாரப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சேஷாசலம் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட வராதீர்கள் என்று எச்சரிக்கும் துண்டறிக்கைகளை ஆந்திர மாநிலக் காவல்துறையும் வனத்துறையும் தமிழிலேயே அச்சிட்டுத் தமிழகத்தின் மலைக் கிராமங்களில் விநியோகித்ததுண்டு. வந்தால் கைது, வழக்கு, நீண்ட சிறைவாசம் என்பதே அவற்றின் சாரம். படிக்க வேண்டியவர்கள் தமிழர்கள் என்பதால் செய்தியும் தமிழில் எழுதப்பட்டது. மொழியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு வருவது அதனால் நின்றுவிடவில்லை.

ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியிலிருந்து இந்த வகுப்பைத் தொடங்குவது பொருத்தம். பிரச்சாரம் என்பது கேட்பவரின் மொழியில் சொல்வது என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு போதாதது என்பதற்குச் சித்தூர், திருப்பதி மண்ணைவிடச் சிறந்த பாடசாலை வேறில்லை. இங்கே ஒரு செய்தி தவறாகச் சொல்லப்பட்டால் வாக்கு மட்டும் குறையாது, உயிர் போகும்.

2015 ஏப்ரல் 7

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். 2015 ஏப்ரல் 7 அதிகாலையில், அன்றைய சித்தூர் மாவட்டம் சந்திரகிரி மண்டலத்தின் காட்டுப் பகுதியில், ஸ்ரீவாரிமெட்டுக்கு அண்மையில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். இரு வேறு இடங்களில் உடல்கள் கிடந்தன. கொல்லப்பட்ட அனைவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைகளிலும் மலையடிவாரங்களிலும் வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களுள் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர்.

கோடரிகளாலும் கற்களாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது காவல்துறையின் வாதம். இருபுறமும் மோதல் நடந்திருந்தால் ஒரு புறத்தில் மட்டும் இருபது பேர் இறந்தது எப்படி என்று உண்மையறியும் குழுக்கள் கேட்டன. உடல்களின் அருகே கிடந்த மரக்கட்டைகளில் பழைய வண்ணக் குறியீடுகள் இருந்ததை அவை சுட்டிக்காட்டின. காட்டில் அல்ல, ஆந்திர எல்லைக்குள் பேருந்திலேயே உடன்வந்தவர்களைப் பிடித்துச் சென்றார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது. கொல்லப்பட்ட ஒருவரின் மனைவி நீதி கேட்டு நீதிமன்றப் படியேறினார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2013 டிசம்பரில் இதே சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். 2015க்குப் பிறகும் துயரம் ஓயவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

செம்மரம் உலகில் இயற்கையாக விளைவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் வட்டாரக் காடுகளே அதன் தாயகம். சீனத்தில் விலையுயர்ந்த மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் இசைக்கருவிக்கும் அது விரும்பப்படுகிறது. அழிவின் விளிம்பை நோக்கித் தள்ளப்படும் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் உலக உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. காட்டில் கோடரி பிடிப்பவருக்குக் கிடைப்பது கூலி; கப்பலேற்றுபவருக்குக் கிடைப்பது பெருஞ்செல்வம். சுடப்பட்டவர்கள் அனைவரும் முதல் வகையினர்.

எச்சரிக்கை ஏன் எடுபடவில்லை?

அந்தத் துண்டறிக்கையிடம் மீண்டும் வருவோம். அதை எழுதியவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளை அவர் கேட்கவில்லை.

முதலாவது, கேட்பவர் யார்? ஜவ்வாது மலையில் மானாவாரிச் சாமையை நம்பி வாழும் குடும்பம் அது. புளியும் தேனும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் விலையை வியாபாரி நிர்ணயிப்பார். ஆண்டில் பல மாதங்கள் வேலையில்லை. திருமணமோ நோயோ வந்தால் வட்டிக் கடன். மேஸ்திரி முன்பணத்துடன் வருவது அந்த நேரத்தில்தான். மரம் அறுக்கும் திறன் அந்த மக்களிடம் தலைமுறையாக இருக்கிறது. அவர்களது மலைகள் ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பெயர் பெற்றவை. கடத்தல்காரன் தேடுவது அந்தத் திறனைத்தான். இவ்வளவையும் அறியாமல் "வராதே" என்று சொல்வது, பசித்தவனிடம் சாப்பாட்டின் தீமைகளை விளக்குவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சொல்பவர் யார்? சீருடை அணிந்தவர் மலைமக்களின் நினைவில் என்னவாக இருக்கிறார்? 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தன மரத் தேடல் என்ற பெயரில் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களை வன்புணர்வுக்கு உள்ளாக்கினர், வீடுகளைச் சூறையாடினர். மலைவாழ் மக்கள் சங்கம் அந்தக் கொடுமையை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாச்சாத்தியின் நினைவு சுமக்கும் மலைக்கு, காக்கிச் சீருடையின் கையால் வரும் காகிதம் எதைச் சொன்னாலும் அச்சுறுத்தலாகவே போய்ச் சேரும்.

மூன்றாவது, எதன் வழியாகச் சொல்லப்படுகிறது? எழுத்தறிவு குறைந்த மலைக் கிராமத்தில் அச்சடித்த தாள் பலருக்கும் பேசாத தாள். ஆள் சேர்க்கும் மேஸ்திரியோ தாள் கொடுப்பதில்லை. சந்தையிலும் தேநீர்க் கடையிலும் உட்கார்ந்து பேசுகிறான். கையில் பணம் கொடுக்கிறான். கட்டட வேலை என்றும் சொல்கிறான். தாளுக்கும் வாய்ப்பேச்சுக்கும் நடந்த போட்டியில் தாள் தோற்றது.

நான்காவது, அது என்ன செய்யச் சொல்கிறது? "போகாதே" என்பது செயலன்று, செயலைத் தவிர்ப்பது. போகாமல் இருந்தால் அடுத்த வாரம் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. ஒரு கோரிக்கையை, ஒரு கூட்டு நடவடிக்கையை முன்வைக்காத செய்தி, எவ்வளவு நயமாக எழுதப்பட்டாலும் அரசு அறிவிப்பாகவே முடியும்.

துபகுண்டாவின் பாடம்

இதே ஆந்திர மண்ணில் இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஜன விஞ்ஞான வேதிகா போன்ற அறிவியல் இயக்க ஊழியர்களும் இளைஞர்களும் இரவுப் பள்ளிகள் நடத்தினர். கலைப் பயணங்கள் ஊர் ஊராகச் சென்றன. பாடநூல்களில் குடியால் சீரழியும் ஒரு பெண்ணின் குடும்பக் கதை பாடமாக வைக்கப்பட்டது. துபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் ஒன்றுதிரண்டு சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தியும், பெண்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்ற பாடமாக அடுத்த நூலில் இடம்பெற்றது. துபகுண்டா ரோசம்மா என்ற உழைக்கும் பெண்ணின் பெயர் மாநிலமெங்கும் அறிமுகமாயிற்று.

அந்தப் பாடத்தைப் படித்த மற்ற ஊர்களின் பெண்கள் தங்கள் ஊர்க் கடைகளை மூட எழுந்தனர். சாராய ஏலங்கள் தடுத்து நிறுத்தப்பட்டன. போராட்டம் நெல்லூரைத் தாண்டிச் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் ஆட்சியாளர்கள் அதைக் கைவிட்டது வேறு கதை.

இங்கே நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். குடியின் தீமை பற்றி அரசும் துறவிகளும் பல பத்தாண்டுகளாகக் குடிப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்தறிவு இயக்கமோ குடிப்பவரின் மனைவியிடம் பேசியது. கேட்பவரை மாற்றியதுதான் முதல் வெற்றி. எழுத்துக் கற்க வந்த பெண் தானே உரக்கப் படித்த முதல் பாடங்களில் ஒன்று தன் வீட்டுக் கதையாக இருந்தது. அதைத் தனியாகப் படிக்கவில்லை. விளக்கைச் சுற்றி அமர்ந்த பெண்கள் சேர்ந்து படித்தார்கள். படித்து முடித்ததும் எழுந்து செல்ல ஒரு கடை அதே தெருவில் இருந்தது. கேட்பவர், சொல்பவர், வழி, செயல் நான்கும் ஒரே இடத்தில் சந்தித்தன. அதனால் ஒரு பள்ளிப் பாடம் போராட்டமாக மாறியது.

செம்மரப் பிரச்சினைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், மலைக் கிராமத்தில் முதலில் பேச வேண்டியது மேஸ்திரியின் முன்பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஆணிடமா, அல்லது சிறைச்சாலை வாசலிலும் பிணவறை வாசலிலும் நிற்கப் போகும் பெண்ணிடமா என்ற கேள்வி எழும். அவரிடம் பேசத் தகுந்தவர் யார்? ஏப்ரல் 7இல் கணவனை இழந்த ஒரு பெண்ணின் பேச்சுக்கு இணையான துண்டறிக்கையை எந்த அச்சகமும் அச்சிட முடியாது.

கேட்டபின் எழுதுதல்

பிரச்சாரத்தை ஒரு கலையாகப் பயின்றவர்களுள் முதன்மையானவர் லெனின். 1895இல் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்களுக்காக அவர் எழுதிய சிறு நூல், ஆலைகளில் தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட அபராதங்கள் பற்றிய சட்டத்தின் விளக்கம். ஜாரை வீழ்த்துவோம் என்று அது தொடங்கவில்லை. கூலி நாளில் கையில் வரும் பணம் ஏன் குறைகிறது, எந்தக் காரணத்துக்காக முதலாளி அபராதம் விதிக்கலாம், எவ்வளவு விதிக்கலாம், அந்தப் பணம் எங்கே போகிறது என்று படிப்படியாக விளக்கியது. சட்டத்தைப் படித்து முடிக்கும் தொழிலாளி, சட்டம் யாருடையது என்ற முடிவுக்குத் தானே வந்து சேருவார். காவல்துறையின் கண்ணில் படாமலிருக்க, தணிக்கை அனுமதி பெற்ற சாதாரண நூல் போன்ற பொய்யான முகப்புடன் அது அச்சிடப்பட்டது. உள்ளடக்கம் கேட்பவருக்கு ஏற்பவும், வடிவம் சூழலுக்கு ஏற்பவும் அமைந்தது.

அதை எழுதும் திறன் அவருக்கு எப்படி வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பெரிய ஆலையொன்றில் வேலை செய்த தொழிலாளி ஒருவரை வரவழைத்து, ஆலையின் ஒவ்வொரு நடைமுறையைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்பாராம். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடக் கூடுதல் நேர வேலை செய்வது எளிது என்று அந்தத் தொழிலாளி வியர்வையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே சொன்னதை, "என்ன செய்ய வேண்டும்?" நூலின் ஓர் அடிக்குறிப்பில் லெனின் நினைவுகூர்கிறார். பேசுவதற்கு முன் அந்த அளவு கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அதே நூலில், பிரச்சாரகர் பல கருத்துகளைச் சிலருக்கு விளக்குபவர் என்றும், கிளர்ச்சியாளர் ஒரு கருத்தைப் பலருக்குக் கொண்டு செல்பவர் என்றும் பிளெக்கனாவ் வகுத்த வேறுபாட்டை லெனின் எடுத்தாள்கிறார். மாவட்டக் குழுக் கூட்டத்தில் செம்மரப் பொருளாதாரத்தின் முழுச் சங்கிலியையும் விளக்கலாம், விளக்கவும் வேண்டும். ஜமுனாமரத்தூர் சந்தையில் ஐந்து நிமிடம் பேசுபவர் ஒன்றை மட்டும் சொன்னால் போதும்: வெட்டியவன் செத்தான், வெட்டச் சொன்னவன் எங்கே?

ஊடகம் என்பது கருவி மட்டுமன்று

சித்தூர் வட்டாரத்தின் சிறப்பு என்னவென்றால், இரு மொழிக்கும் பொதுவான மேடை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில்களில் நடக்கும் பாரத விழாவில் பகலில் பாரதக் கதை படிக்கப்படும். இரவில் கூத்து நடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெருக்கூத்து, இந்தப் பக்கம் வீதி நாடகம் என்று பெயர் வேறாகலாம். பார்வையாளர்கள் விடிய விடிய அமர்ந்திருப்பது ஒன்றுதான். மன்னர்களின் கதை நடுவே அன்றைய ஊர் நடப்பைக் கிண்டலாகச் சொல்லும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. அந்த உரிமையை மக்கள் நூற்றாண்டுகளாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தெலுங்கு மண்ணின் புர்ரகதையிலும் இதே ஏற்பாடு உண்டு. நடுவில் நிற்பவர் தம்புரா மீட்டிக் கதை சொல்வார். இருபுறமும் நிற்கும் துணைவர்களுள் ஒருவர் அன்றைய அரசியலைப் பேசுவார். மற்றவர் சிரிக்க வைப்பார். 1943இல் உருவான பிரஜா நாட்டிய மண்டலி இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு உழவர் போராட்டச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. அதன் கலைஞர்கள் புதிய மேடையைக் கட்டவில்லை. மக்கள் கட்டி வைத்திருந்த மேடையில் ஏறினார்கள். ஆட்சியாளர்கள் அந்த நிகழ்ச்சிகளைத் தடை செய்ததிலிருந்தே அவற்றின் வலிமை விளங்கும்.

இன்று ஒவ்வொரு கையிலும் கைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி ஜவ்வாது மலை உச்சிக்கும் போய்ச் சேருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் குரல் பதிவைக் கேட்பார். அந்தக் குரல் அறிந்த குரலாக இருந்தால் பிறருக்கும் அனுப்புவார். ஆனால் ஒவ்வோர் ஊடகமும் தனக்கேற்ற ஒழுக்கத்தைக் கோருகிறது. நீதிமன்ற மனுவில் கண்ணீருக்கு இடமில்லை. நாள், நேரம், இடம், காயத்தின் தன்மை வேண்டும். கூத்து மேடையில் காயத்தின் அளவுக்கு இடமில்லை. தாயின் குரல் வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தில் முதல் அரை நிமிடம் வேண்டும். மனுவைக் கூத்தாக நடத்தினால் வழக்கு தோற்கும். கூத்தை மனுவாக எழுதினால் கூட்டம் கலையும்.

மொழிபெயர்ப்புச் சோதனை

தோழர்களே! இவ்வளவு சொன்னபின் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு ஏற்பச் சொல்வது என்ற கலை, கேட்பவர் விரும்புவதைச் சொல்வது என்ற இழிநிலைக்கு எளிதில் சரியும். ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு செய்தி, ஒவ்வொரு மதத்துக்கும் ஒவ்வொரு வாக்குறுதி என்று கைபேசியில் அனுப்பும் கட்சிகள் அந்தக் கலையில் தேர்ந்தவை. கேட்பவரை அவை நன்றாகவே அறிந்திருக்கின்றன. பாட்டாளி வர்க்கக் கட்சியை அவற்றிலிருந்து வேறுபடுத்துவது எது?

2015 ஏப்ரலில் அந்தச் சோதனை நேரடியாகவே வந்தது. இருபது பேர் கொல்லப்பட்ட செய்தி வெளியானதும் தமிழகத்தில் கொந்தளிப்பு எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் "தெலுங்கர்கள் தமிழர்களைக் கொன்றார்கள்" என்ற வாசகமும் உடனே கிடைத்தது. சுவரொட்டிக்கு ஏற்ற நீளம். ஒரே மூச்சில் கூட்டத்தைத் திரட்டும் வேகம். ஆந்திர அரசுப் பேருந்துகள் கல்லெறிக்கு உள்ளாயின; போக்குவரத்து நின்றது. அந்தப் பேருந்தின் ஓட்டுநர் யாரைக் கொன்றார்? இந்தப் பக்கத்திலோ "எங்கள் செல்வத்தைக் கொள்ளையடிக்க வந்த தமிழ்க் கடத்தல்காரர்கள்" என்ற வாசகம் அதே வேகத்தில் பரவியது. ஒவ்வொரு வாசகமும் தன் கூட்டத்துக்கு மிகப் பொருத்தமாகத் தைக்கப்பட்டிருந்தது. இரண்டும் பொய்.

எல்லைக்கு இருபுறமும் உறவும் சந்தையும் கோயிலும் உள்ள வட்டாரம் இது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்துக்கும் சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கும் மாறின. கோடு மாறியதே தவிர, நகரியிலும் சத்தியவேட்டிலும் வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. அந்த இரு வாசகங்களுக்கும் முதல் பலி இந்த வட்டாரத்து உழைப்பாளிகளே.

ஆகவே, இங்கே பணிபுரியும் ஒவ்வொரு பிரச்சாரகருக்கும் ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கலாம். ஜவ்வாது மலைக்காகத் தமிழில் எழுதிய துண்டறிக்கையைத் தெலுங்கில் மொழிபெயர்த்துச் சந்திரகிரிக் கடைத்தெருவில் உரக்கப் படிக்க முடியுமா? சந்திரகிரியில் தெலுங்கில் பேசிய பேச்சைத் தமிழாக்கி, கொல்லப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் படிக்க முடியுமா? வெட்கமின்றிப் படிக்க முடிந்தால் அது கேட்பவருக்கு ஏற்ப அமைந்த உண்மை. முடியாவிட்டால் அது கேட்பவருக்கு ஏற்ப அமைந்த பொய்.

இந்தச் சோதனை எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதைத் தெளிவாக்கும். தொடங்கும் வாக்கியம், உதாரணம், நீளம், வட்டார வழக்கு, பாட்டா பேச்சா என்பது அனைத்தும் மாறலாம், மாற வேண்டும். நடந்த உண்மைகள், குற்றவாளி யார் என்ற தீர்ப்பு, முன்வைக்கும் கோரிக்கை ஆகிய மூன்றும் மாறக் கூடாது.

கசப்பான உண்மையை விழுங்கிவிடவும் கூடாது. மலைக் குடும்பத்திடம் பேசும்போது, செம்மரம் வெட்டுவது குற்றம் என்பதையும், அந்த மரம் அழிந்துகொண்டிருக்கிறது என்பதையும், 2013இல் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டதையும் சொல்ல வேண்டும். சந்திரகிரியில் பேசும்போது, சுடப்பட்டவர்கள் கடத்தல் மன்னர்கள் அல்லர், கூலிகள் என்பதையும், குற்றம் செய்தவரையும் நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் சட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். இருபுறமும் கேட்க விரும்பாத பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியைத் தக்க இடத்தில், தக்க சொல்லில், தக்கவர் வாயால் சொல்ல வைப்பதற்குத்தான் பிரச்சாரக் கலை தேவைப்படுகிறது. கேட்க விரும்புவதைச் சொல்வதற்குக் கலை எதற்கு?

கிளைகளின் முன் உள்ள பணி

இனி நடைமுறைக்கு வருவோம். திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் பேருந்து, ரயில் நிலையங்களில் சுமை தூக்குவோர், ஆட்டோ ஓட்டுநர், தேநீர்க் கடைத் தொழிலாளர் ஆகியோர் தமிழகத்திலிருந்து வந்திறங்கும் கூலிகளை முதலில் காண்பவர்கள். அவர்களில் பலர் இரு மொழியும் பேசுவோர். தொழிற்சங்கக் கிளைகள் அவர்களிடமிருந்து தொடங்கலாம். மேஸ்திரியின் பொய்யை நம்பி வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு அவர்கள் சொல்லும் நான்கு வார்த்தைகள் போதும். அந்த நான்கு வார்த்தைகளைச் சேர்ந்து தீர்மானிப்பது கிளையின் வேலை.

மலைப்பக்கத்துத் தோழர்களுடன் இணைந்து, செய்தியோடு கோரிக்கையையும் கொண்டு செல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலப்பட்டா, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் முழு நாள் வேலையும் தாமதமில்லாக் கூலியும், சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் நியாய விலை, பழங்குடிச் சான்றிதழ். இவற்றுக்கான மனுவில் கையெழுத்திடும் பெண்தான் "போகாதே" என்று வீட்டில் உறுதியாகச் சொல்வார். அவர் சொன்னால் அது அறிவிப்பாக இராது.

சந்திரகிரி, ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத் தெலுங்குக் கிராமங்களில் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். காடு யாருடையது, அந்தக் காட்டின் செல்வத்தைக் கப்பலேற்றியவர் யார், காவலுக்கு நிற்கும் கடைநிலை வனக் காவலருக்கு என்ன பாதுகாப்பு என்பவை அங்கே எடுபடும் கேள்விகள். அந்தக் கேள்விகள் போய்ச் சேரும் இடமும், ஜவ்வாது மலையில் எழும் கேள்விகள் போய்ச் சேரும் இடமும் ஒன்றே: கோடரி பிடித்தவனும் துப்பாக்கி பிடித்தவனும் எதிரெதிரே நிற்க, இருவருக்கும் பின்னால் மறைந்து நிற்கும் கடத்தல் முதலாளியும் அவனைக் காக்கும் அதிகாரமும்.

ஒவ்வோர் ஏப்ரல் 7ஆம் நாளும் எல்லையோர ஊர் ஒன்றில் இரு மொழியிலும் நினைவுக் கூட்டம் நடத்த முடியும். தமிழில் ஒருவர் பேச, அதைத் தெலுங்கில் மற்றொருவர் சொல்ல வேண்டும். தெலுங்கில் பேசுவது தமிழில் வர வேண்டும். இருபது தொழிலாளர்களின் பெயர்களோடு, 2013இல் உயிரிழந்த இரு வனத்துறையினரின் பெயர்களும் அங்கே வாசிக்கப்பட வேண்டும். ஒரே மேடையில் இரு மொழியில் சொல்லும்போது எந்தச் சொல் தடுமாறுகிறதோ, எந்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர் விழுங்கிவிட்டுத் தாண்டுகிறாரோ, அங்கேதான் கட்சியின் அரசியல் இன்னும் முதிரவில்லை என்று பொருள். அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதிவிட்டு மீண்டும் மேடையேறுங்கள், தோழர்களே!